பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தை வைத்து ஒரு ஏஎஃப்எல் அணியை எப்படி எடை போடுவது?

வெள்ளைக்கோடு:

வணக்கம். மெல்பர்னில் இருந்து எழுதுகிறேன். மகன் சிறுவர்களுக்கான ஆஸ்கிக் பயிற்சிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து; ஏஎஃப்எல் அதன் முதன்மை லீக்) பிடித்துப்போய்விட்டது. எங்கள் அணி எது என்று இங்கே சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்த அணியைப் பற்றியதாக மாறிவிடும். எனக்கு வேண்டியது எந்த அணிக்கும் பொருந்துகிற பதில்.

வார இறுதியில் எங்கள் அணியின் பயிற்சி ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். முதல் பாதியில் நன்றாகத்தான் ஆடினார்கள். நடு வட்டத்தில் பந்து விழுந்ததும் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் கையில்தான் சிக்கியது. மூன்றாவது குவார்ட்டரில் கொஞ்சம் தடுமாறினார்கள். நான்காவதில் எதிரணி வரிசையாகக் கோல் போட, பெரிய வித்தியாசத்தில் தோற்றுவிட்டோம். ஆட்டம் முடிந்த கையோடு ரசிகர் குழுக்களில் "இந்த வருடமும் போச்சு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பயிற்சியாளரோ பேட்டியில் "நினைத்ததைச் செய்து பார்த்தோம், திருப்தி" என்கிறார். மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

யாரை நம்புவது? இப்படிப்பட்ட ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்? பல வருடம் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெர்த்வாசி:

காயம் இல்லாமல் ஆட்டம் முடிந்ததா? அது போதும். மற்றதெல்லாம் முதல் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். பையனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பழைய நீலம்:

ஸ்கோரை ஒதுக்கிவிட்டு ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: பந்து கையை விட்டுப் போன அடுத்த சில நொடிகளில் உங்கள் அணி என்ன செய்கிறது? என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச் ஆட்டங்களில் நம்பத் தகுந்தது அதுதான்.

நான் கார்ல்டன் ரசிகன். மார்ச் மாத ஸ்கோர் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை எங்களைப் போல அனுபவித்தவர்கள் குறைவு. 1988 முதல் 2013 வரை பருவம் தொடங்கும் முன்பே ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். இப்போது மாதிரி வெறும் பயிற்சி இல்லை, இறுதி ஆட்டம் எல்லாம் உண்டு. 2005இல் அந்த இறுதி ஆட்டத்தில் கார்ல்டன் வெஸ்ட் கோஸ்டை வென்று கோப்பையை எடுத்தது. டெனிஸ் பேகன் பயிற்சியாளர். நீலச் சட்டை போட்டவர்கள் எல்லாருக்கும் ஏக நம்பிக்கை. அப்புறம் என்ன நடந்தது? பருவத்தின் 22 ஆட்டங்களில் 4 வெற்றி, ஒரு டிரா. 16 அணிகளில் கடைசி இடம். மார்ச்சில் எங்களிடம் தோற்ற வெஸ்ட் கோஸ்ட் அதே வருடம் செப்டம்பரில் பருவத்தின் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனல் ஆடி, சிட்னியிடம் வெறும் 4 புள்ளியில் தோற்றது. அடுத்த வருடம் அதே சிட்னியை 1 புள்ளியில் வென்று பிரீமியர், அதாவது பருவத்தின் சாம்பியன் ஆனது.

2007இலும் அதே கதைதான். கோப்பை எங்களுக்கு, பருவ முடிவில் 15ஆவது இடம். 2013இல் கடைசியாக அந்தக் கோப்பையை வென்ற பிரிஸ்பேன் 12ஆவதாக முடித்தது. அதற்காக மார்ச்சில் ஜெயிப்பது கெட்ட சகுனம் என்றும் சொல்லிவிட முடியாது. எசென்டன் 2000இல் இந்தக் கோப்பை, பிரீமியர்ஷிப் இரண்டையும் வென்றது. அந்தப் பருவம் முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. ஜீலாங் 2009இல் இரண்டையும் வென்றது. கோப்பை வைத்து ஆடிய காலத்திலேயே இதுதான் நிலைமை. கோப்பையே இல்லாத இன்றைய ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து என்ன முடிவு கட்டுவது?

காரணம் ரொம்ப எளிது. இரண்டு அணிகளும் ஒரே நோக்கத்தோடு களமிறங்குவதில்லை. ஒரு அணி அந்த வாரம் முழுக்கக் கடுமையாக ஓடிப் பயிற்சி எடுத்துக் கால் கனத்துப் போய் வந்திருக்கும். இன்னொன்று ஒரு வாரம் முன்னதாகவே தயாராகியிருக்கும். 2024 முதல் சில அணிகளுக்கு ஓப்பனிங் ரவுண்டு என்று முதல் சுற்றுக்கும் முன்னால் ஒரு ஆட்டம் வருகிறது; அவர்கள் உடம்பு மற்றவர்களுக்கு முன்பே சூடேறிவிடும். பருவத்தில் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் வீரர்களை வெளியே எடுத்து உள்ளே அனுப்ப 75 தடவை என்று வரம்பு இருக்கிறது. பயிற்சி ஆட்டத்தில் ஆட்களும் கூடுதல், மாற்றங்களும் தாராளம். அதனால் யார் களைத்தார்கள், யார் தாக்குப்பிடித்தார்கள் என்றே சரியாகத் தெரியாது. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கு இரண்டு குவார்ட்டர் என்று முன்கூட்டியே தீர்மானித்திருப்பார்கள். அவர் அருமையாக ஆடினாலும் அந்த நேரம் வந்ததும் வெளியே எடுத்துவிடுவார்கள். எதிரணியின் முக்கிய மிட்ஃபீல்டரை ஒருவர் நிழல் போலத் தொடர்ந்து முடக்குவதை எல்லாம் இப்போதே யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை ஒளித்துவைக்க முடியாது. பந்து இல்லாதபோது எப்படி நிற்பது, எப்படி ஓடுவது என்பது பழக்கம். நவம்பரிலிருந்து தினமும் அதைத்தான் பழகியிருப்பார்கள். அது ஏறியிருக்கிறதா இல்லையா என்பது முதல் குவார்ட்டரிலேயே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, எதிரணியின் பின்வரிசை ஆள் ஒருவர் தன் பாதியில் மார்க் எடுக்கிறார், அதாவது உதைத்து வந்த பந்தை அந்தரத்திலேயே பிடிக்கிறார் என்று வையுங்கள். பந்து அவர் கையில். இந்த இடத்தில் அவரைப் பார்க்காதீர்கள். உங்கள் முன்வரிசை ஆறு பேரைப் பாருங்கள். மைதானத்தின் நடுப்பகுதியை அடைத்துவிட்டு, அவரைக் கோட்டோரமாக நீளமாக உதைக்க வைக்கிறார்களா? அல்லது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்களா? பின்னால், கோலுக்கு அருகே எதிரணி முன்வரிசைக்கு மேல் உங்களுக்கு ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறாரா? நடு மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் விங் ஆள் பந்துப் பக்கம் இழுபட்டுப் போகாமல் தன் இடத்தைக் காக்கிறாரா? நல்ல அணி என்றால், பந்து கைமாறிய உடனே பத்துப் பேர் ஒரே நேரத்தில் திரும்பி ஓடுவதைப் பார்க்கலாம். சொல்லிவைத்த மாதிரி இருக்கும். திரும்பத் தயங்குகிறவர் ஒருவர் இருந்தால் போதும், எதிரணி அந்த ஓட்டை வழியாகத்தான் வரும்.

டிவியில் இதைப் பார்ப்பது கஷ்டம், அதுதான் பெரிய தொல்லை. 150 மீட்டருக்கும் மேல் நீளமான மைதானம், காமரா பந்தையே துரத்தும். கோல் விழுந்தால் "எப்படி இவ்வளவு எளிதாக வந்தார்கள்?" என்று தோன்றும், காரணம் இருபது நொடிக்கு முன்னால், திரைக்கு வெளியே நடந்திருக்கும். முடிந்தால் மைதானத்துக்குப் போங்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. நான்காவது குவார்ட்டரில் களத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், மேலே பேசுவோம்.

எண்களோடு:

பழைய நீலம் அண்ணன் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஸ்கோர் வேண்டாம், சரி. அதற்காக எண்களையே தூக்கிப்போட வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தில் கோலுக்கு 6 புள்ளி, கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் போகும் பிஹைண்டுக்கு 1. ஒரே மாதிரி பத்து வாய்ப்பு கிடைத்த இரண்டு அணிகளில் ஒன்று 7 கோல் 3 பிஹைண்ட் என்று 45 எடுக்கும், இன்னொன்று 3 கோல் 7 பிஹைண்ட் என்று 25 எடுக்கும். 20 புள்ளி வித்தியாசம். ஆட்டத்தில் பெரிய வித்தியாசமே இருந்திருக்காது. காற்றடிக்கும் மைதானம் என்றால் கேட்கவே வேண்டாம். மெல்பர்ன் புறநகரில் இருக்கும் கேசி ஃபீல்ட்ஸ் மைதானத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் நான் பார்ப்பது எத்தனை தடவை இன்சைடு 50 (எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கும் 50 மீட்டர் கோட்டுக்குள்) போனார்கள், அதில் எத்தனை தடவை கோலை நோக்கி அடிக்கும் வாய்ப்பாக மாறியது, எதிரணியிடமிருந்து பறித்த பந்தில் எத்தனை புள்ளி வந்தது என்பதை. அதையும் முதல் பாதிக்கு மட்டும்தான் கணக்கில் எடுப்பேன். இரண்டாம் பாதியின் எண்களை எடுத்துப் பேசுவது நேர விரயம்.

இன்னொன்று. தோல்வியைத் துடைத்துப் போட்டுவிடுவதும் தப்பு. முழுப் பலத்தோடு இறங்கிய அணி முதல் பாதியிலேயே பத்துக் கோல் வாங்கினால் நான் நிச்சயம் கவலைப்படுவேன்.

வெள்ளைக்கோடு:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ரெக்கார்டு பண்ணி வைத்திருந்ததை மகனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அவன்தான் முதலில் கவனித்தான்: நான்காவது குவார்ட்டரில் கேப்டன் ட்ராக்சூட் மாட்டிக்கொண்டு பெஞ்சில், முழங்காலில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். காயமோ என்று பயந்தோம். ஆனால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முதல் பாதியில் ரக் (நடு வட்டத்தில் குதித்துப் பந்தைத் தன் ஆட்களிடம் தட்டிவிடும் உயரமான ஆள்) ஆடியவரும் இல்லை. அந்த இடத்தில் ஒல்லியான ஒரு பையன், அவன் பெயரே எனக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் மூன்று பேர் புதியவர்கள். எதிரணியில் பெரும்பாலும் மூத்தவர்களே கடைசிவரை நின்றார்கள்.

ஆனால் மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் முக்கிய ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அப்போதும் எதிரணி நடு மைதானம் வழியாக இரண்டு மூன்று தடவை சரசரவென்று வந்து கோல் போட்டது. அது என்னை உறுத்துகிறது.

பழைய நீலம்:

உறுத்த வேண்டிய இடத்தில்தான் உறுத்துகிறது. நான்காவது குவார்ட்டரை மறந்துவிடலாம். ரக் ஒல்லிப் பையன், பின்வரிசையில் மூன்று புதியவர்கள், எதிரில் மூத்தவர்கள் என்றால் அந்த ஸ்கோர் உங்கள் அணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் கட்டியும் பெரிதல்ல, வெளியே எடுத்தவர்களுக்கு வழக்கமாகக் கட்டுவதுதான். காயம் என்றால் மருத்துவர் பக்கத்திலேயே இருந்திருப்பார்.

மூன்றாவதைத்தான் திரும்பப் பாருங்கள். அந்தக் கோல்கள் எங்கே தொடங்கின? உங்கள் ஆள் உதைத்த பந்து எதிரணி கையில் சிக்கித் தொடங்கியதா, அல்லது நடு வட்டத்தில் பந்தை இழந்து தொடங்கியதா? இது இரண்டும் ரொம்ப வேறு. 2019 முதல் நடு வட்டத்தில் ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு அணியும் ஆறு ஆறு ஆறாகப் பிரிந்து நிற்க வேண்டும். பின்னால் ஆளைக் குவித்துவைக்க முடியாது. அங்கே பந்தை இழந்தால் நல்ல அணிக்கும் சடாரென்று கோல் விழும். அது சில நாள் அப்படி அமையும், சரியாகிவிடும். ஓடும் ஆட்டத்தில் பந்தை விட்டு, அப்புறம் நடுப்பகுதி திறந்து கிடந்தால் அது பழக்கக் கோளாறு. அது ஏப்ரலிலும் இருக்கும்.

எண்களோடு தம்பிக்கு: இன்சைடு 50, வாய்ப்பு எண்ணிக்கை எல்லாம் நானும் பார்ப்பேன். ஆனால் நடு வட்டம் மாதிரி இடங்களில் பந்து போடப்பட்டதும் அதை எடுத்து வெளியே கொண்டுபோகிற கிளியரன்ஸ் எண்ணிக்கையை இப்போது நம்புவதில்லை. எதிரணி தன் முதல் ரக்மேனை உட்கார வைத்துவிட்டால் உங்கள் மிட்ஃபீல்ட் தங்கமாகத் தெரியும். வெள்ளைக்கோடு முதல் பாதியில் பார்த்த அழகில் அதுவும் கொஞ்சம் இருக்கலாம். எதிர்ப்பக்கம் யார் ரக் ஆடினார் என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது. பயிற்சியாளர் தந்திரத்தை ஒளிப்பார், ஆளின் இடத்தை ஒளிக்க முடியாது. புது இடத்தில் ஆடப் போகிறவருக்கு எங்காவது பழகித்தானே ஆக வேண்டும்? 2024 தொடக்கத்தில் சிட்னிக்கு மிட்ஃபீல்டில் காயங்களால் ஆள் பற்றாக்குறை. அதுவரை பெரும்பாலும் முன்வரிசையில் ஆடிய ஐசக் ஹீனி நடுவுக்கு வந்தார். அந்த வருடம் அவர் அபாரமாக ஆடினார். சிட்னி அட்டவணையில் முதலிடம் பிடித்து கிராண்ட் ஃபைனல் வரை போனது. உங்கள் அணியிலும் யாராவது இடம் மாறியிருக்கிறாரா? ஹாஃப்-பேக்கில் இருந்தவர் விங்குக்கு, விங் ஆள் முன்வரிசைக்கு, இந்த மாதிரி. அதைக் குறித்து வையுங்கள். ஸ்கோர் சொல்லாததை அது சொல்லும்.

அடிலெய்ட் வசந்தி:

பெர்த்வாசி "காயம் இல்லாமல் முடிந்தால் போதும்" என்றார். அதோடு தண்டனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம்தான் பயிற்சி, தவறாக மோதியவருக்குத் தடை விதிக்கும் டிரிப்யூனல் நிஜம். 2024இல் பருவம் தொடங்கும் முன் நடந்த ஆட்டத்தில் நார்த் மெல்பர்னின் ஜை சிம்ப்கினை மோதியதற்கு செயின்ட் கில்டாவின் ஜிம்மி வெப்ஸ்டருக்கு 7 ஆட்டத் தடை. அதே சமயத்தில் எங்கள் அடிலெய்ட் குரோஸ் அணியின் மார்க் கீனை மோதிய போர்ட் அடிலெய்டின் சாம் பவல்-பெப்பருக்கு 4 ஆட்டம். பயிற்சி ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் புள்ளி கிடையாது. ஆனால் முதல் ஏழு வாரம் ஒரு ஆள் இல்லை என்றால் அது உண்மையான இழப்பு. தலையில் அடிபட்டவரின் நிலைமை அதைவிடப் பெரிய விஷயம்.

அப்புறம், மகன் சாப்பிடாமல் படுத்ததைப் பற்றி. என் மகளும் அப்படித்தான் இருந்தாள். அவளுக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன்: ஒரே ஒரு இளம் வீரரைத் தேர்ந்தெடுத்து ஆட்டம் முழுக்க அவரை மட்டும் பார்க்கச் சொன்னேன். பந்து அவரிடம் இல்லாதபோதும். இப்போது ஸ்கோரைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. அந்தப் பையன் எத்தனை தடவை பின்னால் ஓடி வந்து டேக்கிள் பண்ணினான் என்று கேட்டால் சொல்வாள். இரண்டாம் வருடம் ஆடுகிற வீரர்களை இப்படிப் பார்ப்பது ரொம்ப நல்லது. முதல் வருடத்தில் மூன்றாவது குவார்ட்டரோடு மூச்சு வாங்கியவர்கள், இன்னொரு கோடைப் பயிற்சிக்குப் பிறகு ஆட்ட முடிவு வரை ஓடுவார்கள். அந்த வளர்ச்சி பொய் சொல்லாது.

எண்களோடு:

அண்ணா, கிளியரன்ஸ் பற்றிச் சொன்னது சரிதான். ரக் யார் என்று பார்க்காமல் அதை எடுக்கக்கூடாது.

முதல் சில சுற்றுகளைக்கூட அவசரப்பட்டு நம்ப வேண்டாம் என்று வெள்ளைக்கோடுக்குச் சொல்வேன். 2024இல் பிரிஸ்பேன் முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. அதே அணி ஐந்தாவது இடத்திலிருந்து இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்து, கிராண்ட் ஃபைனலில் சிட்னியை 60 புள்ளியில் தோற்கடித்தது. பழைய நீலம் அண்ணன் சொன்ன அதே சிட்னிதான்.

வெள்ளைக்கோடு:

திரும்பப் பார்த்தேன். மூன்றாவது குவார்ட்டரின் ஒரு கோல் நடு வட்டத்தில் தொடங்கியது. மற்ற இரண்டும் எங்கள் ஆள் கோட்டோரத்திலிருந்து குறுக்கே உதைத்த பந்து பறிபோய்த் தொடங்கியவை. நீங்கள் சொன்ன மாதிரியே, பந்து பறிபோனதும் எங்கள் விங் ஆள் பந்துப் பக்கமாக இழுபட்டு வந்துவிட்டார். அவர் விட்ட இடம் வழியாகத்தான் எதிரணி ஓடி வந்தது. இரண்டு தடவையும் அதே ஆள். நான்காவது குவார்ட்டரைப் பற்றி இனி கவலையில்லை, இதைப் பற்றிக் கவலை இருக்கிறது.

எதிரணியின் ரக்கையும் பார்த்தேன். முதல் பாதியில் அவர்களுடைய வழக்கமான ஆள்தான் ஆடினார். அது கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த பயிற்சி ஆட்டத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கே போகலாம் என்று இருக்கிறோம். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்? நடுவில் உட்கார்ந்தால் பந்து அருகில் வரும் என்கிறான் அவன்.

பழைய நீலம்:

வழக்கமான ரக் எதிரில் இருந்தும் பந்தை எடுத்தார்கள் என்றால் உங்கள் மிட்ஃபீல்டைத் தாராளமாக நம்பலாம். விங் விஷயம் ஒரே ஆள் என்பதால் திருத்தக்கூடியது. பயிற்சியாளர்களும் இதே வீடியோவைப் போட்டு அவரிடம் பேசியிருப்பார்கள். அடுத்த ஆட்டத்தில் அவரையே பாருங்கள். கோட்டோரத்திலிருந்து குறுக்கே உதைக்கும் நேரத்தில் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பது தெரிந்தால் போதும். இடத்தை விடாமல் நின்றால் நல்ல செய்தி. அவருக்குப் பதில் வேறு ஆளை விங்கில் போட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உட்கார கோலுக்குப் பின்னால் போங்கள், கிடைக்கிற அளவு உயரமாக. நான் வாரக் கடைசியில் சிறுவர் ஆட்டங்களுக்கு கோல் அம்பயராக நிற்கிறேன். அந்த முனையிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்க விரிந்து தெரியும். யார் எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று பந்து வருவதற்கு முன்பே புரியும். நடுவில் உட்கார்ந்தால் மோதல் சத்தம் கேட்கும், அழகாக இருக்கும், ஆனால் இந்த வரிசை தெரியாது.

ஒரு பாதி மகனுக்காக நடுவில், ஒரு பாதி பின்னால் என்று பிரித்துக்கொண்டாலும் சரி. ஆனால் அந்தப் பின்னால் பாதி முதல் பாதியாக இருக்கட்டும். முக்கிய ஆட்கள் களத்தில் இருக்கும் நேரம் அதுதான். குவார்ட்டர் முடிந்ததும் எழுந்து எதிர் முனைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு குவார்ட்டருக்கும் அணிகள் முனை மாறும். முதல் குவார்ட்டரில் உங்கள் பின்வரிசை உங்களுக்கு முன்னால் நின்றால், இரண்டாவதில் முன்வரிசை தானாகவே உங்களிடம் வந்துவிடும்.